பொம்மையின் அளவுகோலில் எத்தனை சென்டிமீட்டர்? – குட்டிப் பள்ளிச் சாமான்களின் தரம் பற்றி

#1 – மூலைமட்டம்

பெட்டியின் மேல் "36 உருப்படிகள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 29 சென்டிமீட்டர் பொம்மைக்கான பள்ளிக்கூடத் தொகுப்பு. ஆசையோடு வாங்கி வந்து, மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, வெர்னியர் அளவியோடு உட்கார்ந்தேன். (ஆம், நான் அப்படிப்பட்ட ஆள்தான். தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.)

முதலில் கையில் வந்தது அளவுகோல். ஐந்து சென்டிமீட்டர் நீளம். 1:6 விகிதத்தில் அது நம்முடைய 30 சென்டிமீட்டர் அளவுகோலுக்குச் சமம். நீளத்தில் குறையே இல்லை. ஆனால் அதன்மேல் அச்சிட்டிருப்பது 0, 1, 2, 3, 4, 5. அதாவது நம்முடைய சென்டிமீட்டர்! அதை வைத்துக் கோடு போட்டால், பொம்மையின் ஒவ்வொரு 'ஒரு சென்டிமீட்டரும்' அவளுடைய உலகத்தில் ஆறு சென்டிமீட்டர். வகுப்பு மொத்தமும் கணக்கில் தோற்றுப்போகும்.

அடுத்தது பென்சில். உண்மையான பென்சிலின் தடிமன் ஏழு மில்லிமீட்டர், நீளம் பதினேழரை சென்டிமீட்டர். ஆறால் வகுத்தால் தடிமன் 1.2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நீளம் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் கையில் இருந்த பென்சிலின் தடிமன் மூன்று மில்லிமீட்டர். மனித அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள்: பதினெட்டு மில்லிமீட்டர். அது பென்சில் இல்லை, உலக்கைக்குத் தம்பி.

உலக உருண்டை ஆடாமல் அசையாமல் நேராக நிற்கிறது. 23.5 பாகை சாய்வு என்று ஒன்று இருப்பதை யாரும் அந்த வடிவமைப்பாளருக்குச் சொல்லவில்லை போலும். கவராயத்தின் இரு கால்களும் ஒரே வார்ப்பாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நோட்டுப் புத்தகங்கள் நான்கு, நான்குமே திறக்காது. பிளாஸ்டிக் கட்டியின்மேல் அட்டைப்படம் ஒட்டியிருக்கிறார்கள். 36 எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். ஸ்டிக்கர் தாளில் உள்ள பத்து ஸ்டிக்கர்களையும் தனித்தனி உருப்படியாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். பள்ளிச் சாமான்களில் 'தத்ரூபம்' என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்? அளவு சரியாக இருப்பதையா, பொருள் வேலை செய்வதையா, பார்வைக்கு ஏமாற்றுவதையா? எனக்கு முதல் கட்சிதான். ஆனால் இந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

#2 – இரட்டைப்பின்னல்

மூலைமட்டம், அந்த வெர்னியரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தப் பென்சிலைப் பிடிக்கப்போவது பொம்மை அல்ல, என் ஏழு வயது மகள். 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குச்சியைக் கொடுத்தால் முதல் நாளே ஒடித்துவிடுவாள். ஒடிக்காவிட்டால் பாய் இடுக்கில் போய்விடும். மூன்று மில்லிமீட்டர் என்பது அவளுடைய விரல்களுக்காக வைத்த அளவு.

ஆனால் நோட்டுப் புத்தக விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்பேன். அவள் எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் செய்வது அதைத் திறந்து பார்ப்பது. பை திறக்கிறதா, பெட்டி திறக்கிறதா, புத்தகம் திறக்கிறதா. திறக்கவில்லை என்றால் இரண்டாவது முறை அதைத் தொடவே மாட்டாள். போன வருடம் வந்த ஒரு தொகுப்பில் எல்லாம் பளபளவென்று இருந்தது. பென்சில் பெட்டியும் திறந்தது. ஆனால் உடன் வந்த பென்சில் அந்தப் பெட்டிக்குள் போகவில்லை. அரை சென்டிமீட்டர் நீளம் அதிகம். மகள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க முடியாது. நான்தான் அந்த ஆலையை நடத்துவதுபோல.

அன்றிலிருந்து என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். பென்சில் பெட்டிக்குள் போக வேண்டும், பெட்டி பைக்குள் போக வேண்டும், பையின் மூடி அதற்குப் பிறகும் மூட வேண்டும். இதில் தேறும் தொகுப்பு பத்தில் ஒன்றுகூட இல்லை.

#3 – ஆறிலொன்று

நான் படைவீரர் பொம்மைக்காரன். என்றாலும் இந்த இழையில் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும்.

முதலில் ஒரு அடிப்படைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 29 சென்டிமீட்டரை ஆறால் பெருக்குங்கள்: 174. அது வளர்ந்த பெண்ணின் உயரம். 1959-இல் வந்த பார்பி முதல் இன்றுவரை அந்த அளவுப் பொம்மைகள் பெரும்பாலும் பெரியவர்கள். அவர் தோளில் பள்ளிக்கூடப் பையை மாட்டினால் எதுவுமே பொருந்தாது. ஏனென்றால் அவர் மாணவி அல்லர், ஆசிரியை. பார்பிக்கு 1965-இல் வந்த ஆசிரியப் பயிற்சி உடைத் தொகுப்பில் உலக உருண்டை, சுட்டுக்கோல், புவியியல் புத்தகம் எல்லாம் இருந்தன. அது பொருத்தமான யோசனை. 1:6 விகிதத்தில் பள்ளிச் சிறுமி வேண்டும் என்றால் பொம்மை 22 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். ஜப்பானில் 1967-இல் டக்காரா நிறுவனம் வெளியிட்ட லிக்கா என்ற பொம்மை கிட்டத்தட்ட அந்த உயரம்தான். கதைப்படி அவள் ஐந்தாம் வகுப்பு மாணவி.

பெட்டியில் "எல்லா அளவுப் பொம்மைகளுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் எதற்கும் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தடித்த பென்சிலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும்போது ஒரு மில்லிமீட்டர் துளையில் மூன்று சென்டிமீட்டர் தூரம் நிரம்புவதற்குள் அது குளிர்ந்து இறுகத் தொடங்கிவிடும். முனை நிரம்பாமல் வெளியே வரும். தடிமனைக் கூட்டினால் கழிவு குறையும். கஞ்சத்தனமும் பாதுகாப்பும் கைகோத்து வரும் அபூர்வமான இடம் இது.

இன்னொன்று. எங்கள் பக்கத்து 1:6 வீரர்களின் முதுகுப்பையில் உள்ள பக்கிள், வார், கொக்கி எல்லாம் பள்ளிப்பைகளில் வருவதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். 1964-இல் 12 அங்குல ஜி.ஐ. ஜோ வந்த காலத்திலிருந்து இந்த அளவில் படைக்கலம் செய்கிறார்கள், கை தேர்ந்திருக்கிறது. உடைந்த வீரன் கிடைத்தால் விடாதீர்கள். பையை மட்டும் கழற்றிச் சாயம் மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

#4 – புதுவரவு

வணக்கம். என்னிடம் இருப்பது 46 சென்டிமீட்டர் பொம்மை. அதற்கு விகிதம் எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை. நோட்டுப் புத்தகம் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். எந்த அளவில் வெட்டுவது?

#5 – பசைவிரல்

புதுவரவு, உங்களுக்கு அதிர்ஷ்டம்.

46 சென்டிமீட்டர் பொம்மைகள் (அமெரிக்கன் கேர்ள் 1986-இல் தொடங்கிவைத்த பதினெட்டு அங்குல வகை) பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுச் சிறுமிகளாகவே உருவாக்கப்பட்டவை. அந்த வயதுக் குழந்தையின் உயரம் 130 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 1:2.8. இப்போது ஒரு ஏ4 தாளை எடுத்து மூன்று முறை பாதியாக மடியுங்கள். கிடைப்பது ஏ7, 74-க்கு 105 மில்லிமீட்டர். ஏ4-க்கும் ஏ7-க்கும் உள்ள விகிதம் 1:2.83! உங்கள் பொம்மைக்காகவே யாரோ தாள் அளவை நிர்ணயித்ததுபோல இருக்கும். ஐந்து முறை மடித்தால் ஏ9, 37-க்கு 52. அது ஆறில் ஒரு பங்குக்காரர்களுக்கு. அளவுகோலே வேண்டாம்.

ஆனால் அளவு சுலபமான பாதி. புத்தகத்தின் உயிர் தாளில் இருக்கிறது. நூறு தாள் நோட்டு ஒன்று ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கும். 1:6-இல் அது 1.7 மில்லிமீட்டர். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணத் தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்பதால் பதினேழு தாளுக்கு மேல் அடங்காது. அந்தப் பதினேழும் பலகைபோல விறைத்து நிற்கும். புத்தகம் வாயைப் பிளந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கும் 'திறக்கும்' நோட்டுகள் விசிறிபோல விரிவது இதனால்தான். பரிசுப் பெட்டிக்குள் சுற்றிவைக்கும் மெல்லிய டிஷ்யூ தாளை எடுத்தால் ஐம்பது தாள் வரை அடங்குகிறது, பக்கமும் புரள்கிறது. அதில் கோடு அச்சிடுவதுதான் பெரும்பாடு. மேல் விளிம்பைச் சாதாரணத் தாளோடு ஒட்டி அச்சு இயந்திரத்துக்குள் விட வேண்டும். எனக்கு இரண்டு முறை உள்ளே சுருண்டுகொண்டது. மூன்றாவது முறை வந்தது.

இதையும்விட முக்கியமானது தாளின் ஓட்டம். எந்தத் தாளிலும் இழைகள் ஒரு திசையில் படிந்திருக்கும். தாளை லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் இணங்கி வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். இணங்கி வளையும்போது விழும் மடிப்பு புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். பெரிய புத்தகத்தில் இதில் தவறினால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மூன்று சென்டிமீட்டர் புத்தகத்தில் தவறினால் பக்கம் படியவே படியாது. நல்ல கைவினைஞர் செய்ததா என்று பார்க்க நான் செய்யும் ஒரே சோதனை இதுதான்: நடுப்பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். திறந்தபடியே கிடந்தால் வாங்குங்கள்.

கோட்டின் இடைவெளி எட்டு மில்லிமீட்டர் என்றால் ஆறில் ஒரு பங்கு 1.3. கடைப் பொருள்களில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் அழுத்தமான நீலக்கோடு போட்டிருப்பார்கள். பொம்மைக்கு அது நோட்டு அல்ல, சன்னல் கம்பி. எழுத்தின் அளவு 12 புள்ளி (பாயின்ட்) என்றால் 2 புள்ளியாகக் குறைய வேண்டும். தமிழில் பாடப்புத்தகம் அச்சிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த அளவில் 'ண' எழுத்தின் சுழிகள் மூன்றும் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடும். மெல்லிய கோட்டு எழுத்துருவை எடுத்து, கறுப்புக்குப் பதிலாகக் கரும்சாம்பல் நிறத்தில் அச்சிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். நாலு புள்ளியில், அதாவது புதுவரவின் பொம்மை அளவில், பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது.

#6 – நூல்கண்டு

எல்லோரும் பைக்குள் இருப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பையைப் பற்றி நான் பேசுகிறேன்.

பள்ளிப்பை பொம்மையின் முதுகில் தொங்குவதில்லை, ஒட்டிக்கொண்டு மிதக்கிறது. படத்தில் பார்க்கும்போது 'ஏதோ சரியில்லை' என்று தோன்றுவதற்கு முதல் காரணம் அதுதான். நீளத்தை ஆறில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆறில் ஒன்றாக நிற்காது. ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ஆறு, 216-இல் ஒன்றாகிவிடும். நாலு கிலோ பை பதினெட்டரை கிராம். ஆனால் கடையில் வாங்கும் குட்டிப் பையில் அந்த எடைகூட இருக்காது, வெறும் நுரைதான் அடைத்திருப்பார்கள். துணியோ தடித்த நைலான். கனமான துணி, கனமே இல்லாத பை. வார் இரண்டும் தோளுக்கு மேல் வளையம்போல எழும்பி நிற்கும்.

நான் செய்வது இது. துணி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்திக் கைக்குட்டையை மிஞ்சியது எதுவும் இல்லை. உண்மைப் பையின் துணி 0.6 மில்லிமீட்டர் என்றால் நமக்கு 0.1 வேண்டும், கைக்குட்டைகூட அதைவிடத் தடிமன்தான். தையல் இன்னும் மோசம். பெரிய பையில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் நமக்கு அரை மில்லிமீட்டர், இயந்திரத்தில் அது வராது. அதனால் ஓரங்களைத் துணிப்பசையால் ஒட்டிவிட்டு, வெளியே தெரியும் இடத்தில் மட்டும் ஒற்றை இழையால் கைத்தையல் போடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது போகும். கண் வலிக்கும். பரவாயில்லை.

அடியில் எட்டு மில்லிமீட்டர் இரும்பு நட்டு மூன்றைத் துணியில் சுற்றி வைக்கிறேன். ஒன்று ஏறக்குறைய ஐந்து கிராம். ஈயக்குண்டு வேண்டாம், கையில் தொடும் பொருளில் ஈயம் எதற்கு? எடை வைத்ததும் பையின் அடிப்பகுதி புடைத்து, மேல்பகுதி கொஞ்சம் சரிந்து, வார் தோளில் அழுந்தும். அந்த ஒரு அழுத்தம் போதும். பொம்மை பள்ளிக்கூடம் போய்க் களைத்துத் திரும்பியதுபோல இருக்கும்.

ஜிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய ஜிப்பைப் போட்டாலும் 1:6-இல் அது தண்டவாளம். மூடிவைத்த பை என்றால் இரண்டு வரிசை நூலால் ஜிப் இருப்பதுபோலக் காட்டிவிடலாம். திறக்க வேண்டிய பை என்றால் மூடியும் கொக்கியுமாகச் செய்துவிடுங்கள்.

#7 – மூலைமட்டம்

நூல்கண்டு அக்கா, இன்றே செய்து பார்த்தேன். பை அழகாகத் தொங்கியது. இரண்டு நொடி. பிறகு பொம்மை மல்லாந்து விழுந்து, உலக உருண்டையையும் தள்ளிவிட்டது. உருண்டை இப்போது சாய்ந்து நிற்கிறது. 23.5 பாகைக்கு மேலேயே.

#8 – நூல்கண்டு

தம்பி, இடுப்பளவு தாங்கி வைக்காமல் யார் அவளை நிற்கச் சொன்னது? தாங்கி இல்லையென்றால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். சுவரில் சாயாத பள்ளிப் பிள்ளை உண்டா?

#9 – அலமாரி

புதிதாக வாங்கும்போது மட்டும் தரம் பார்க்கிறீர்கள். பத்து வருடம் கழித்துப் பாருங்கள், அப்போது தெரியும் தரம்.

என் சேகரிப்பில் ஒரு குட்டிப் பென்சில் பெட்டி இருந்தது. தெளிவான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், மூடியில் கீல் வேலை செய்யும், உள்ளே குட்டி ரப்பர். அந்த ரப்பர் பி.வி.சி. வகை. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். பாலிஸ்டைரீனைத் தொட்டால் அதை இளக்கிவிடும். சில வருடம் திறக்காமல் வைத்திருந்துவிட்டு எடுத்தபோது ரப்பர் பெட்டியின் அடியைக் கரைத்து அதற்குள் அரைப்பங்கு இறங்கியிருந்தது. பிரித்தெடுக்க முடியவில்லை. இரண்டும் போனது. ரப்பரைத் தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். நாம் எழுதி அழிக்கும் பெரிய ரப்பர்களுக்கு அட்டை உறை போட்டு விற்பதற்கும் காரணம் இதுதான்.

அதே கதை பை வாருக்கும். கருநீலம், சிவப்பு, கறுப்பு வார்கள் பொம்மையின் வினைல் (மென்மையான பிளாஸ்டிக்) தோளில் மாதக்கணக்கில் படிந்திருந்தால் சாயம் உள்ளே இறங்கிவிடும். துடைத்தால் போகாது, ஏனென்றால் கறை மேலே இல்லை. முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி வெளிச்சத்தில் வைத்துப் போக்குகிறவர்கள் உண்டு. போகும். ஆனால் வினைலின் நிறமும் சேர்ந்து வெளுக்கலாம், தீட்டிய வண்ணம் பக்கத்தில் இருந்தால் அதுவும் போகும். வாரின் உட்புறத்தில் வெள்ளைப் பருத்தி வைத்துத் தைப்பது அதைவிடச் சுலபம்.

பசைவிரலுக்கு ஒரு வார்த்தை: புத்தகக் கட்டுகளை ரப்பர் பட்டையால் கட்டிப் படம் போட்டிருந்தீர்கள். இன்றைக்கே கழற்றுங்கள். பட்டை இற்றுப்போய் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

#10 – பசைவிரல்

கழற்றிவிட்டேன், ஐயா. பருத்தி நூலால் கட்டியிருக்கிறேன்.

#11 – ஆறிலொன்று

எனக்கு வேறொரு குறை. எல்லாத் தொகுப்பிலும் எல்லாப் பொருளும் இன்று காலைதான் கடையிலிருந்து வந்ததுபோல இருக்கிறது. உண்மையான பள்ளிப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். மூன்று நீளத்தில் பென்சில்கள் விழும், அதில் ஒன்று கட்டை விரல் அளவு. ரப்பரின் ஒரு மூலை உருண்டு கறுத்திருக்கும். நோட்டின் வலது கீழ் மூலை நாய்க்காதுபோல மடிந்திருக்கும். கவராயத்தின் முனை எப்போதோ காணாமல் போயிருக்கும். பென்சில் சீவிய தூள் அடியில் கிடக்கும்.

நாங்கள் வீரர்களின் பூட்ஸில் சேறு பூசுவோம். பூசாவிட்டால் அவன் பொம்மை. பூசினால் எங்கேயோ போய்வந்தவன்.

இன்னொரு சிறு நுட்பம்: நிறத்தை ஒரு படி வெளுத்து, பளபளப்பைக் குறையுங்கள். சிறிய பொருளைக் கண் தூரத்தில் இருக்கும் பெரிய பொருளாகத்தான் நம்ப விரும்புகிறது. தூரத்துப் பொருளில் நிறம் மங்கித்தான் தெரியும். கருப்புப் பலகைக்குச் சுத்தக் கறுப்பு பூசாமல் சாம்பல் கலந்து, மினுமினுப்பில்லாமல் பூசிப் பாருங்கள். பூசி முடித்து, சுண்ணக்கட்டித் தூளை விரலால் தேய்த்துத் துடைத்துவிட்டால் பாடம் அழித்த தடம் வந்துவிடும்.

#12 – அலமாரி

பழையதாக்குகிறேன் என்று சிலர் தாளைத் தேநீரில் முக்குகிறார்கள். அதில் அமிலம் இருக்கிறது. 'பழையதுபோல' இருக்கும் தாள் சீக்கிரத்தில் உண்மையாகவே நொறுங்கும். வண்ணப் பென்சில் தூளைப் பஞ்சால் ஒற்றினால் அதே பழுப்பு கிடைக்கும்.

#13 – இரட்டைப்பின்னல்

நட்டு, கொக்கி என்று பேச்சு போகிறபடியால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்தப் பொருள்கள் மேல் தட்டில் இருக்க வேண்டும். விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புச் சோதனைக்கு ஓர் உருளை வைத்திருக்கிறார்கள்: விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்வான அடிப்பகுதியின் ஆழம் 25.4-இலிருந்து 57.1 வரை. அழுத்தாமல் போட்டு அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்குரிய பொம்மையில் இருக்கக்கூடாது. நாம் இங்கே கொஞ்சிக்கொண்டிருக்கும் 1:6 சாமான்களில் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடும்.

பெட்டியின் மூடியை மூடவைக்கப் பொட்டுக் காந்தம் ஒட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். குழந்தை இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் பிடித்துக்கொண்டு காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும், துளையே விழும். விளக்கு எரியும் குட்டி மேசைவிளக்கில் உள்ள பொத்தான் பேட்டரியும் அப்படித்தான், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் திருகு இல்லாத பேட்டரி மூடி எங்கள் வீட்டுக்குள் வராது.

சரி, பயமுறுத்தியது போதும். தூள் விழுந்த பையைப் பற்றி ஆறிலொன்று எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். "என் பையில் அப்படி இல்லை" என்றாள். கவிழ்த்துப் பார்த்தோம். இருந்தது.

#14 – மூலைமட்டம்

பல்குத்தும் குச்சி! ஒரு வாரமாக வேறு எதுவும் நினைவில் இல்லை.

46 சென்டிமீட்டர் பொம்மைக்குப் பென்சில் எவ்வளவு தடிமன் வேண்டும்? ஏழை மூன்றால் வகுத்தால் 2.3 மில்லிமீட்டர். பல்குத்தும் குச்சி இரண்டு மில்லிமீட்டர் சொச்சம், நீளம் ஆறரை சென்டிமீட்டர். முனையை வெட்டினால் ஆறு. வேறென்ன வேண்டும்? இன்னும் இருக்கிறது. பென்சிலின் கரித்தண்டு இரண்டு மில்லிமீட்டர், மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 0.7. திருகு பென்சிலுக்கு விற்கும் 0.7 தண்டு அப்படியே பொருந்துகிறது. ஆறில் ஒரு பங்குக்கு 0.3 தண்டும் கிடைக்கிறது. அந்த அளவில் குச்சிக்குப் பதிலாக விளக்குமாற்று ஈர்க்கு.

குச்சியின் முனையில் மிக மெல்லிய துளைப்பானை விரலாலேயே உருட்டி நாலு மில்லிமீட்டர் ஆழம் துளைத்தேன். தண்டில் ஒரு துண்டை மரப்பசையோடு செருகினேன். காய்ந்ததும் உப்புத்தாளில் ஆறு முகமாகத் தேய்க்க வேண்டும். இங்கேதான் பொறுமை போகும். ஒரு முகம், அதற்கு நேர் எதிர் முகம், பிறகு அறுபது பாகை திருப்பு. இல்லையென்றால் ஐந்து முகத்தில் முடிந்துவிடும், எனக்கு இரண்டு முறை முடிந்தது. வண்ணம் பூசிக் காய்ந்த பிறகுதான் கூராகச் சீவ வேண்டும். அப்போதுதான் வண்ணமும் மரமும் சந்திக்கும் இடத்தில் அந்தச் சிறு வளைவுகள் வரும். ஆறு முகத்துக்கு ஆறு வளைவு. கடைப் பென்சிலில் அந்த இடத்தில் நேர்கோடு இருக்கும். என் வெர்னியருக்கு அது அகப்படவே இல்லை, ஆனால் கண் முதலில் அங்கேதான் போகிறது.

எழுதுகிறது. பசைவிரல் முறையில் செய்த நோட்டில் எழுதிப் பார்த்தேன். பின்பக்கத்துக் கட்டையை லேசாகக் கடித்தும் வைத்தேன், ஆறிலொன்றுக்காக.

அளவுதான் தத்ரூபம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அந்தக் கட்சியை விட்டுவிடவில்லை. இரட்டைப்பின்னலின் சோதனையை அதற்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். 36 உருப்படித் தொகுப்பிலிருந்து பெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஈர்க்குப் பென்சில் அதற்குள் போகிறது.

#15 – புதுவரவு

அற்புதம். ஆனால் என் பொம்மையின் விரல்கள் ஒட்டியே இருக்கின்றன. பென்சிலை எப்படிப் பிடிக்கவைப்பது?

#16 – நூல்கண்டு

பொருள்கள் நழுவாமல் இருக்க வைக்கும் மெழுகுப் பசை கிடைக்கும், கடுகளவு போதும். படம் எடுத்ததும் எடுத்துவிடுங்கள், நாள்கணக்கில் விட்டால் வினைலில் எண்ணெய்த் தடம் விழலாம். இன்னொரு வழி, அவள் எழுதுவதுபோல வைக்காமல், பென்சிலை நோட்டின் மடிப்பில் கிடத்திவிட்டு அவளைச் சன்னல் பக்கம் பார்க்கவையுங்கள். வகுப்பில் எழுதிக்கொண்டே இருந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

#17 – மூலைமட்டம்

அளவுகோலும் முடிந்தது. தெளிவான பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு வெட்டினேன். ஐந்து சென்டிமீட்டருக்குள் 0 முதல் 30 வரை, மில்லிமீட்டர்க் கோடுகள் உட்பட. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.17 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 600 புள்ளி போடும் லேசர் அச்சில் அது நான்கு புள்ளி: ஒன்று கறுப்பு, மூன்று வெள்ளை. பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்துவிட்டேன், கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. படம் கீழே. குறை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்.

#18 – அலமாரி

பிளாஸ்டிக் தாளை வினைலின்மேல் வைக்காதீர்கள். மற்றபடி நன்று.

#19 – இரட்டைப்பின்னல்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மகள் கேட்கச் சொன்னாள்: 16-க்கு அடுத்து ஏன் 18 வருகிறது?

#20 – மூலைமட்டம்

மூன்று நாள் பூதக்கண்ணாடியோடு கோடுகளை எண்ணினேன். எண்களைப் படிக்கவில்லை.

என் அண்ணன் மகளிடம் அளவுகோலைக் காட்டி, திருத்தி மறுபடி அச்சிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்கிறாள். அவளுடைய பொம்மைக்கு ஏன் கணக்கு வரவில்லை என்று இப்போதுதான் புரிந்ததாம்.